அசந்து படுத்தும் தூங்காத வடசென்னை

எண்ணூர் விரைவுச் சாலையில் நள்ளிரவு தாண்டிய பிறகும் டிரெய்லர் வரிசை நிற்கும். நாற்பதடிப் பெட்டிகளைச் சுமந்தபடி, துறைமுக வாசலைப் பார்த்து, ஒன்றன் பின் ஒன்றாக. கேபினுக்குள் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு ஒரு பலகை. அதன் மேல் மடித்த போர்வை, அழுக்கேறிய தலையணை. டேஷ்போர்டில் கொசுவத்திச் சுருளின் சாம்பல். படுக்க இடம் இருக்கிறது. உடம்பு முழுக்க அசதியும் இருக்கிறது. ஆனால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். நகர்வது ஒரு வண்டி நீளம்தான். அது ஐந்து நிமிடத்திலும் நகரலாம், ஒரு மணி நேரம் கழித்தும் நகரலாம். கண் அயர்ந்தால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், இல்லாவிட்டால் பக்கவாட்டில் புகுந்து முன்னே போய்விடுவார். இடம் போனால் டிரிப் போச்சு, டிரிப் போனால் பேட்டா போச்சு. ஆகவே காதைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் மூடுகிறார்கள். எஞ்சினைப் போட்டு, பத்தடி நகர்த்தி, அணைத்துவிட்டு, மறுபடி படுக்கிறார்கள். விடிந்ததும் கேட்டால் இரவெல்லாம் படுத்திருந்தது உண்மை என்பார்கள். தூங்கினார்களா என்றால் பதில் வராது.

படுத்திருந்த நேரத்துக்கும் தூங்கிய நேரத்துக்கும் உள்ள இந்த இடைவெளியை இதே சென்னையில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெட்ரோ பெசோன், கௌதம் ராவ், ஃபிராங்க் ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மாட்டி டோமா ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் சென்னையின் குறைந்த வருமானக் குடும்பங்களைச் சேர்ந்த 452 பேரை ஒரு மாதம் கணினியில் தரவுப் பதிவு வேலைக்கு அமர்த்தினார்கள். கையில் கடிகாரம்போல ஒரு கருவியைக் கட்டி அவர்களுடைய தூக்கத்தைப் பதிவு செய்தார்கள். 2021-இல் 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' இதழில் முடிவுகள் வெளியாயின. அவர்கள் படுக்கையில் கழித்தது ஏறத்தாழ 8 மணி நேரம். உண்மையில் தூங்கியது சுமார் ஐந்தரை மணி நேரம். ஒரே இரவில் முப்பது தடவைக்கு மேல் விழிப்புத் தட்டியிருக்கிறது. அதில் பெரும்பாலானவை காலையில் நினைவிலேயே இருக்காது. உடம்பு மட்டும் கணக்கு வைத்திருக்கும்.

அந்த 452 பேரும் தூக்க நோய்க்காக மருத்துவமனைக்குப் போனவர்கள் அல்ல. சாதாரணமாக வேலை தேடி வந்தவர்கள். தூக்கமின்மை என்றாலே 'கவலையை விடுங்கள், மனசை லேசாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று தனி மனிதரைப் பார்த்து அறிவுரை சொல்லிப் பழகியிருக்கிறோம். கவலை காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஒருவர் தூங்காமல் கிடப்பதற்கு அவருடைய மனசை மட்டும் விசாரிப்பது அநியாயம். அவருடைய இரவை விசாரிக்க வேண்டும். அந்த இரவை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்க வேண்டும்.

களைப்பு மட்டும் போதாது

'மூட்டை தூக்கினவனுக்குப் படுத்ததும் தூக்கம் வரும்' என்பது நம்மில் பலர் ஆழமாக நம்பும் ஒன்று. உழைப்பாளிக்குத் தூக்கமாவது இலவசமாகக் கிடைக்கிறது என்று நினைப்பதில் நமக்கு ஓர் ஆறுதல். உடலியல் அதை ஒப்புக்கொள்வதில்லை.

தூக்கத்தை இரண்டு சக்திகள் சேர்ந்து வரவழைக்கின்றன என்று சூரிச் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் போர்பேலி 1982-இல் விளக்கினார். இன்றைக்கும் தூக்க மருத்துவத்தின் அடித்தளம் அதுதான். ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் தூக்க அழுத்தம்; மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்வது இதில் முக்கியப் பங்கு வகிக்கிறது. டீயும் காபியும் தடுப்பது இந்த அடினோசினின் வேலையைத்தான். இரண்டாவது, மூளைக்குள் இருக்கும் உடல் கடிகாரம். வெளிச்சத்தைப் பார்த்து அது தன்னைத் திருத்திக்கொள்ளும். இருட்டினால் மெலடோனின் சுரக்கும், உடல் வெப்பம் இறங்கும், தூக்கத்தின் வாசல் திறக்கும். இந்தக் கடிகாரம் செல்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டும் ஒத்துப்போகும்போது தூக்கம் வருகிறது. இரவுப் பணி முடிந்து காலை ஏழு மணிக்கு மணலி, எண்ணூர் பக்கத்திலிருந்து வீடு திரும்பும் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தூக்க அழுத்தம் உச்சத்தில் இருக்கிறது. ஆனால் வழியெல்லாம் முகத்தில் அடித்த வெயில், 'இது பகல், எழுந்திரு' என்று கடிகாரத்துக்குச் சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து படுப்பார், ஒன்றரை மணி நேரத்தில் விழித்துக்கொள்வார். அதற்கு மேல் தண்ணி லாரியும் குக்கர் விசிலும் பிள்ளைகளின் சண்டையும். சாயங்காலம் எழுந்திருக்கும்போது உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். அடுத்த இரவும் 'சி ஷிஃப்ட்' என்கிற இரவுப் பணிதான். விடுப்பில் போன ஆளுக்காக டபுள் டூட்டி பார்த்தால் கணக்கு இன்னும் மோசம்.

இது வெறும் அலுப்பு விவகாரம் அல்ல. உடல் கடிகாரத்தைக் குலைக்கும் இரவுப் பணியை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தது. அனல் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, துறைமுகம் என்று இருபத்து நான்கு மணி நேரமும் ஓடியே தீர வேண்டிய தொழில்கள் இத்தனை நெருக்கமாகக் குவிந்த இடம் தமிழ்நாட்டில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மாநகரத்தின் மற்ற பாகங்கள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதற்கு இங்கே ஒரு பெருங்கூட்டம் விழித்திருக்கிறது.

உடம்பு சோர்ந்திருந்தும் மூளை காவலை விடாமல் இருப்பது இன்னொரு வகை. நாள்பட்ட தூக்கமின்மை உள்ளவர்களுக்கு இதயத் துடிப்பும் மன அழுத்த ஹார்மோன்களும் இரவிலும் முழுதாக இறங்குவதில்லை. அதனால்தான் பகலில் படுக்கச் சொன்னாலும் அவர்களால் சட்டென்று தூங்க முடியாது. வாரத்தில் மூன்று இரவுகளாவது, மூன்று மாதத்துக்கு மேல் இப்படி நீடித்தால் அதை நோயாகவே மருத்துவம் எடுத்துக்கொள்கிறது. காவல் விடாத மூளைக்கு ஒரு காரணம் வேண்டும் அல்லவா? எண்ணூருக்கு அது தேதியோடு இருக்கிறது.

2023 டிசம்பர் 26

மிக்ஜாம் புயல் அடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிந்து, வலையும் படகும் கறுத்துப்போயிருந்த நேரம். டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும்போது, கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சு முட்டி, கண் எரிந்து எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். பின்னர் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நிறுவனத்துக்கு 5.92 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆலையை மூடச் சொல்லி மீனவக் கிராமங்கள் மாதக்கணக்கில் பந்தல் போட்டு உட்கார்ந்தன.

அந்த இரவில் ஓடியவர்களைக் காப்பாற்றியது ஆழ்ந்த தூக்கம் அல்ல. யாரோ ஒருவர் விழித்துக்கொண்டு சத்தம் போட்டதுதான். இதை அனுபவித்த ஒரு தெரு மறுநாள் முதல் எப்படித் தூங்கும்? மூக்கு தூங்காது. காற்று திசை மாறி ஏதாவது வாடை வந்தால் கை தானாகப் பிள்ளையைத் தேடும். இதற்குத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுப்பது எவ்வளவு பொருத்தமில்லாதது என்பதை யோசித்துப் பாருங்கள். கசிவு நேர்ந்தால் ஒலிக்கும் என்று நம்பத்தகுந்த ஒரு எச்சரிக்கை சைரன், அதை மாதம் ஒருமுறை ஓட்டிக்காட்டும் ஒத்திகை, ஓட வேண்டிய வழி எது என்று எழுதிய பலகை ஆகியவையும் அந்தத் தெருவுக்குத் தூக்க மருந்துதான். தனக்குப் பதிலாகக் காவல் காக்க ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தால்தான் மூளை இறங்கும்.

சத்தம், வேக்காடு

ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டில் வந்தன. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல், தொழிற்பகுதியில் 70 டெசிபல் என்று அவை வரம்பு போட்டன. காகிதத்தில் இரண்டும் தனித்தனிப் பகுதிகள். வடசென்னையில் ஆலை மதிலை ஒட்டியே குடிசை, லாரி ஓடும் சாலையை ஒட்டியே குழந்தையின் தொட்டில். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் 25 டெசிபல்தானே என்று தோன்றும். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. இருபத்தைந்து கூடினால் முந்நூறு மடங்குக்கு மேல். குழந்தையின் காது எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்று யாரும் தீர்மானிக்கவில்லை. டெல்லி ராம்லீலா மைதானத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களை நள்ளிரவில் காவல்துறை விரட்டிய வழக்கில், தூக்கம் அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொன்னது. அந்த உரிமை எண்ணூர் விரைவுச் சாலை ஓரத்துக்கும் சேர்த்துத்தான்.

வேக்காடு தனி விஷயம். தூக்கம் வர உடலின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். பகல் முழுக்க வெயில் குடித்த கல்நார் கூரை இரவு ஒரு மணி வரை அதை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டிருக்கும். கடற்காற்று வந்தால் பிழைத்தோம். இல்லாவிட்டால் வியர்வை காயாது. கதவைத் திறந்தால் பக்கிங்காம் கால்வாயின் கொசு. மே மாதத்தில் மின்சாரமும் போனால் தெருவே பாயைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடும்.

காசிமேட்டின் கடிகாரம் இன்னும் வேறு. மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு வெகு நேரம் முன்பே ஏலம் களைகட்டிவிடும். கூடைக்காரப் பெண்கள் அதற்கும் முன்னால் எழுந்து, கூந்தலை அள்ளி முடிந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வந்து நிற்க வேண்டும். மீன் எடுத்து, ஐஸ் போட்டு, தெருத் தெருவாகவோ மார்க்கெட்டிலோ விற்று முடித்து வீடு சேரப் பிற்பகல். பிறகு சமையல், தண்ணீர், பிள்ளைகளின் பாடம். பத்து மணிக்குப் படுத்தாலும் எழ வேண்டிய நேரத்தைப் பற்றிய பயமே தூங்கவிடாது. அலாரம் அடிப்பதற்கு முன்பே இரண்டு தரம் எழுந்து மணி பார்ப்பார்கள். விசைப்படகில் போகிறவர்கள் கடலில் வலை இழுப்புக்கு இடையே துண்டு துண்டாகத்தான் கண் மூடுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கரையில் இருக்கும்போதும் அந்தப் பழக்கம் சட்டென்று விடுவதில்லை. வேலையும் இல்லாமல் தூக்கமும் இல்லாமல் கிடக்கும் அந்த இரவுகளில் கடன் கணக்குதான் தலைக்குள் ஓடும்.

மீன் விற்கும் இந்தப் பெண்களிடம் மருத்துவர்கள் கவனமாகக் கேட்க வேண்டிய ஒன்று உண்டு. "கால் குடையுது, படுத்தா வெச்ச இடத்துல வெக்க முடியல" என்று சொல்பவர்களுக்கு வலி மாத்திரை கொடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. படுத்தவுடன் கால்களை அசைத்தே ஆக வேண்டும் என்ற இந்தத் தவிப்புக்கு இரும்புச் சத்துக் குறைவு ஒரு முக்கியக் காரணம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. ஒரு ரத்தப் பரிசோதனையும் சில மாதம் இரும்புச் சத்து மாத்திரையும் சிலருக்குத் தூக்கத்தையே திருப்பித் தந்துவிடும். அதுபோலவே பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி எழுவது, காலையில் தலைவலி. இவை இருந்தால் அது மூச்சுத் தடைத் தூக்கக் கோளாறாக இருக்கலாம். எட்டு மணி நேரம் படுத்தும் களைப்பு போகாத கனரக வாகன ஓட்டுநருக்கு இது உயிர் விவகாரம்.

குவார்ட்டரும் மாத்திரையும்

தூக்கம் வராதவர்கள் கையில் இருப்பதைத் தேடுகிறார்கள். வேலை முடிந்து வரும் வழியில் டாஸ்மாக். மது முதல் இரண்டு மூன்று மணி நேரம் அசத்திப் போடும் என்பது உண்மை. உடம்பு அதைக் கரைத்து முடித்ததும் இரவின் பின்பாதி சிதறிவிடும். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து, நாக்கு வறண்டு எழுவது அதனால்தான். மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். அல்பிரசோலம் போன்ற மாத்திரைகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஒரு பழைய சீட்டை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், சிலருக்கு வலிப்பே வரும். படிப்படியாகக் குறைக்க மருத்துவரின் துணை வேண்டும்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் நடத்தைச் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது. எழும் நேரத்தைத் தினமும் ஒரே நேரமாக வைத்துக்கொள்வது, தூக்கம் வரும்போது மட்டும் படுப்பது, இருபது நிமிடம் போல வராவிட்டால் எழுந்து போய்விடுவது, படுக்கும் நேரத்தையே முதலில் குறைத்து, தூக்கம் இறுகிய பின் மெல்லக் கூட்டுவது. பலனுள்ள சிகிச்சை, நான் அதை முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் அதன் முக்கியமான விதி, 'தூக்கம் வராவிட்டால் வேறு அறைக்குப் போங்கள்' என்பது. ஒற்றை அறையில் ஐந்து பேர் வரிசையாகப் படுத்திருக்கும் வீட்டில் எந்த அறைக்குப் போவது? எழுந்து விளக்கைப் போட்டால் மற்ற நான்கு பேரும் எழுவார்கள். வாரா வாரம் ஷிஃப்ட் மாறுகிறவரிடம் ஒரே நேரத்தில் எழச் சொல்வது எப்படி? ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும் இந்தச் சிகிச்சையை வடசென்னை வீட்டுக்கும் வேலைக்கும் ஏற்றபடி திருத்தி, தமிழில், கூட்டாகச் சொல்லித் தர வேண்டும். வாசற்படியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் மங்கிய விளக்கும் 'வேறு அறை' ஆகலாம். மனம் தாங்க முடியாமல் போகும் இரவுகளில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அரை மணி நேரம்

அந்தச் சென்னை ஆய்வில் இன்னொரு பகுதி இருக்கிறது. காதடைப்பான், கண்மறைப்பு, மின்விசிறி, மெத்தை எல்லாம் தந்தார்கள். சிலருக்கு, அதிகம் தூங்கினால் ஊக்கத்தொகையும் தந்தார்கள். இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. வேலைத் திறன் பெரிதாக ஏறும் என்று நிபுணர்கள் எதிர்பார்த்தார்கள். ஏறவே இல்லை. ஆனால் பணியிடத்திலேயே அமைதியான ஓர் இடத்தில் பிற்பகல் அரை மணி நேரம் படுக்க வாய்ப்புத் தந்தபோது கவனம் கூடியது, மனநிலை தேறியது, வேலைத் திறனும் சற்று உயர்ந்தது. முப்பது தடவை உடையும் தூக்கத்தோடு இன்னொரு உடைந்த அரை மணியைச் சேர்ப்பதால் பயன் இல்லை, உடையாத ஒரு சிறு துண்டு பயன் தரும் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

ஓய்வைக் கேட்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலையோடு எட்டு மணி நேர ஓய்வும் உலகெங்கும் அந்த நாளின் கோரிக்கையாக இருந்தது. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில், வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க இடம் தந்த திருத்த மசோதா தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது, தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். அந்தப் போராட்டம் எழுத்தில் இருக்கும் மணி நேரத்தைக் காப்பாற்றியது. ஒப்பந்தத் தொழிலாளியின் டபுள் டூட்டியும் டிரெய்லர் ஓட்டுநரின் காத்திருப்பும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் அப்படியே இருக்கின்றன.

அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் சங்கங்கள் இவற்றையும் மேசையில் வைக்கலாம். ஷிஃப்ட் சுழற்சி காலையிலிருந்து மாலைக்கு, மாலையிலிருந்து இரவுக்கு என்று முன்னோக்கி மட்டும் போகட்டும். பின்னோக்கிப் போவதைவிட இதற்கு உடம்பு எளிதாகப் பழகும். இரவுப் பணிக்கு நடுவே அரை மணி நேரம், படுக்க ஓர் இருட்டறை. இரவு முழுக்க நின்றவர் காலையில் பைக் ஓட்டிப் போகாதபடி நிறுவனப் பேருந்து, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து. துறைமுகங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. சாலையில் வரிசை நிற்க வைக்காமல், கழிப்பறையும் குளிக்க நீரும் படுக்கையும் உள்ள ஒரு யார்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, 'உன் முறை காலை நான்கு மணிக்கு' என்று கைப்பேசிக்கு ஒரு டோக்கன் அனுப்பினால் போதும். அந்த ஓட்டுநர் நான்கு மணி வரை தூங்குவார். சாலையோரத்து வீடுகளும் ஹாரன் சத்தம் இல்லாமல் அதுவரை தூங்கும்.